குடிமராமத்து: கேட்டது உழைப்பு, கொடுக்காதது உரிமை

2016ஆம் ஆண்டின் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் பொய்த்துப்போனது. வழக்கமாகப் பெய்வதைவிட 60 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. டெல்டாவில் பயிர் கருகியது; வட மாவட்டங்களில் ஏரிகளும் தெற்கே கண்மாய்களும் வெடித்துக் கிடந்தன. அடுத்த ஆண்டு மார்ச் மாதம், காஞ்சிபுரம் மாவட்டம் மணிமங்கலம் ஏரியில் தமிழக அரசு ஒரு திட்டத்தைத் தொடங்கிவைத்தது. முதல் கட்டத்துக்கு 100 கோடி ரூபாய், 1519 பணிகள். அந்தத் திட்டத்துக்கு அரசு வைத்த பெயர் மிகப் பழையது: குடிமராமத்து.

ஊர் மக்கள் ஒன்றுகூடித் தங்கள் ஏரியைத் தாங்களே பராமரித்த பழைய ஏற்பாட்டுக்கு வழங்கிய பெயர் அது. அதைத் திரும்ப எடுத்ததன் மூலம் அரசு ஒரு நம்பிக்கையை அறிவித்தது. அற்றுப்போன கூட்டுறவை ஒரு கொள்கையால் மீட்டுவிடலாம் என்பதே அந்த நம்பிக்கை. அது சரியா என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. தமிழ்நாட்டின் ஏரிகளைப் பற்றி மட்டும் எழும் கேள்வி இல்லை இது. காடு, மேய்ச்சல் நிலம், கடற்கரை, நிலத்தடி நீர் என்று எல்லோருக்கும் பொதுவான எதைக் காக்க நினைத்தாலும் இதே கேள்வியில்தான் போய் முட்டுவோம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மக்கள் சேர்ந்து செயல்படும் பழக்கத்தை ஓர் அரசால் வளர்க்க முடியும்; அழிக்கவும் முடியும். இருநூறு ஆண்டுகளாக நம் ஏரிகளின் விஷயத்தில் அரசுகள் பெரும்பாலும் அழித்தே வந்திருக்கின்றன. குடிகளிடம் உழைப்பைக் கேட்டார்கள். ஏரியின் மீதான உரிமையைத் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள். அதே சமயம், பழைய குடிமராமத்தை அப்படியே மீட்டெடுக்கவும் நான் விரும்பவில்லை. அதில் மீட்கத் தகாதவையும் இருந்தன.

ஏரி ஏன் எல்லோர் வேலையும் ஆனது

தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரிகளும் கண்மாய்களும் இருக்கின்றன. இவற்றில் பெரும்பாலானவை தனித்தனி நீர்நிலைகள் அல்ல. மேல் ஏரி நிறைந்தால் உபரி நீர் கலுங்கு என்ற வடிகால் வழியே மறுகால் பாய்ந்து அடுத்த ஏரிக்குப் போகும். அது நிறைந்தால் அதற்கும் கீழே உள்ளதற்கு. ஒரே ஓடையின் போக்கில் பத்து, இருபது ஊர்களின் ஏரிகள் சங்கிலிபோல் கோக்கப்பட்டிருக்கும். மேல் ஊர்க்காரர்கள் கலுங்கை ஒரு முழம் உயர்த்திக் கட்டினால் கீழ் ஊரின் நெல் காயும். கீழ் ஊர் வரத்துக்காலைத் தூர்க்கவிட்டால், மறுகால் தண்ணீர் போக வழியில்லாமல் மேல் ஊரின் வயலில் ஏறி நிற்கும்.

ஓர் ஏரிக்குள்ளும் இப்படித்தான். கரை எங்கே உடைந்தாலும் ஏரி பாயும் நிலமான ஆயக்கட்டு முழுவதற்கும் இழப்பு. வரத்துக்காலில் மண் சேர்ந்தால் தலைமடைக்காரருக்கும் தண்ணீர் இல்லை. எத்தனை வேலி நிலம் வைத்திருந்தாலும் ஒரு குடும்பம் தனியாக ஏரியைத் தூர்வார முடியாது. அதனால் கோடையில், மழைக்கு முன்பாக, ஊர்க்கூட்டம் கூடும். நிலத்தின் அளவுக்கு ஏற்பவோ தலைக்கட்டுக்கு ஓர் ஆள் என்ற கணக்கிலோ வேலை பிரிக்கப்படும். கரைக்கு மண் போடுவது, வாய்க்கால் வெட்டுவது, மடையைச் செப்பனிடுவது, கரையில் மண்டிய செடிகளை அகற்றுவது எல்லாம் இதில் அடங்கும். வராதவர் அபராதம் கட்ட வேண்டும்.

இதைவிட நுட்பமான ஏற்பாடு தண்ணீர்ப் பங்கீட்டில் இருந்தது. மடையைத் திறக்கவும் மூடவும் வயலுக்கு வயல் தண்ணீர் கட்டவும் நீர்க்கட்டி என்றொருவர் இருந்தார். நீர்பாய்ச்சி, கம்புகட்டி என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும். பல ஊர்களில் நிலக்காரர்கள் தாங்களாக மடையில் கைவைக்கக் கூடாது என்பது கட்டுப்பாடு. நீர்க்கட்டிக்கு அறுவடையின்போது ஒவ்வொரு களத்திலும் நெல் அளக்கப்பட்டது. எல்லா வயலும் விளைந்தால்தான் எல்லாக் களத்திலும் அவருக்கு நெல் கிடைக்கும். அதனால் கடைமடை வயல் காயாமல் பார்ப்பதில் அவருக்கும் அக்கறை இருந்தது. தண்ணீர் குறைந்த ஆண்டில் முறை வைத்துப் பாய்ச்சினார்கள். யாருக்கு எத்தனை நாழிகை என்பது ஊருக்கே தெரிந்திருந்தது. பக்கத்து வயல்காரரின் நல்ல மனத்தை மட்டும் நம்பி அந்த ஏற்பாடு நிற்கவில்லை. விதி, கண்காணிப்பு, தண்டனை மூன்றும் அதில் இருந்தன.

பணத்துக்கும் வழி வைத்திருந்தார்கள். பல்லவர், சோழர் காலக் கல்வெட்டுகளில் ஏரிப் பராமரிப்புக்கென்றே ஒதுக்கப்பட்ட ஏரிப்பட்டி நிலங்கள் வருகின்றன. ஏரியில் தூர் எடுக்க ஓடம் இயக்குவதற்கான கொடைகளும் வருகின்றன. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை, ஏரி வாரியம் என்ற தனிக் குழுவைக் குடவோலை முறையில் தேர்ந்தெடுத்ததைச் சொல்கின்றன. ஏரியைக் காக்கும் செலவுக்கு ஏரியையும் அதைச் சார்ந்த நிலத்தையும் நம்பியிருந்தார்கள். பின்னாளில் மீன்பாசிக் குத்தகையும் கரை மரங்களும் பல ஊர்களில் அந்த வருமானமாக இருந்தன.

1968இல் கேரட் ஹார்டின் என்ற அமெரிக்க உயிரியலாளர், பொதுச் சொத்தை அவரவர் தன்னலம் அழித்தே தீரும் என்று ஒரு புகழ்பெற்ற கட்டுரையில் வாதிட்டார். அரசு கையில் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் தனியாருக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்ற முடிவுக்கு அது பல அரசுகளை இட்டுச் சென்றது. எலினோர் ஆஸ்ட்ரம் அதை மறுத்தார். சுவிட்சர்லாந்தின் மலை மேய்ச்சல் நிலங்கள், ஸ்பெயினின் பாசன வாய்க்கால்கள், ஜப்பானின் ஊர்ப் பொதுக்காடுகள் ஆகியவற்றை ஆராய்ந்து, மூன்றாவது வழி ஒன்று நூற்றாண்டுகளாக நடைமுறையில் இருக்கிறது என்று 1990இல் வெளிவந்த தன் நூலில் காட்டினார். 2009இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றார். அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண் அவர். நிலைத்து நிற்கும் பொதுச் சொத்து ஏற்பாடுகளில் அவர் கண்ட அம்சங்கள் நம் ஏரி ஊர்களுக்குப் புதியவை அல்ல: யாருக்கு உரிமை என்ற தெளிவான எல்லை, பயனுக்கேற்ற பொறுப்பு, விதிகளை வகுப்பதில் பங்கு, மக்களுக்குப் பதில் சொல்லும் கண்காணிப்பாளர், தவறுக்கேற்ற படிப்படியான தண்டனை, சண்டையைத் தீர்க்க அருகிலேயே ஓர் இடம். இவற்றோடு அவர் இன்னொன்றையும் சேர்த்தார். மக்கள் தங்களுக்குள் அமைத்துக்கொண்ட இந்த ஏற்பாட்டில் அரசு கைவைக்காமல், அதை அங்கீகரிக்க வேண்டும். நம் ஏரிகள் இந்தக் கடைசி இடத்தில்தான் அடிவாங்கின.

யார் உழைத்தார்கள், யார் முடிவெடுத்தார்கள்

ஆனால் அந்தப் பழைய ஊரைப் புகழ்ந்து நிறுத்திக்கொள்வது நேர்மையாகாது. உத்திரமேரூர் வாரியத்தில் உட்கார ஒருவர் ஆணாக, வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் உடையவராக, சொந்த மனையில் வீடு கட்டியவராக, 35 வயதுக்கு மேல் 70 வயதுக்குள் இருப்பவராக, வேதம் கற்றவராக இருக்க வேண்டும். அது பிராமணர்களுக்குத் தானமாகத் தரப்பட்ட பிரமதேய ஊர். அந்த ஏரியில் மண் சுமந்தவர்களின் ஓலை குடத்தில் விழவில்லை.

பிற்காலத்திலும் இந்தப் பிளவு மாறவில்லை. நீர்க்கட்டி வேலை பல ஊர்களில் தலித் குடும்பங்களின் தலையில் பரம்பரைக் கடமையாகச் சுமத்தப்பட்டது. இரவெல்லாம் கரையில் காவல் இருப்பவரும், உடைப்பு எடுத்தால் வெள்ளத்தில் இறங்குபவரும் அவர்களே. அந்தத் தண்ணீரில் பாயும் நிலம் பெரும்பாலும் அவர்களுடையது அல்ல. எந்த வயலுக்கு முதல் தண்ணீர் என்ற முடிவும் அவர்களுடையது அல்ல. கோயில் திருவிழாவில் யாருக்கு முதல் மரியாதை என்பதும் கண்மாயில் யாருக்கு முதல் மடை என்பதும் ஒரே அதிகாரத்தின் இரண்டு முகங்களாக இருந்தன. இராமநாதபுரம், சிவகங்கைப் பகுதிக் கண்மாய்களை ஆராய்ந்த மானிடவியலாளர் டேவிட் மோஸ் 2003இல் வெளியிட்ட நூல் இதை விரிவாகக் காட்டுகிறது. கண்மாய்கள் ஊர்க்காரர்களின் இயல்பான ஒற்றுமையால் மட்டும் நடக்கவில்லை. அரசர், ஜமீன், ஆதிக்க சாதி என்ற அதிகார அடுக்கின் வழியாகவும் நடந்தன என்பது அவர் வாதம்.

ஆகவே, இருபதாம் நூற்றாண்டில் பல ஊர்களில் தலித் மக்கள் ஊர்ச் சேவைகளை மறுத்தபோது, அவற்றோடு சேர்த்து ஏரிக் கடமைகளையும் சிலர் உதறியதைக் கூட்டுறவின் சரிவு என்று மட்டும் கணக்கிடுவது அநீதி. அது சுயமரியாதை பெற்ற வெற்றி. ஏரிக்கு அதனால் இழப்பு நேர்ந்திருந்தால், பழி மறுத்தவர்கள் மேல் வராது. அடிமைத்தனத்தை நீக்கிவிட்டு அதே வேலையைக் கூலியோடும் மரியாதையோடும் நடத்தத் தெரியாத ஊரின்மேல் வரும்; அதற்கு உதவாத அரசின்மேலும் வரும்.

1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் இந்தியக் கிராமத்தைப் பற்றிச் செய்த எச்சரிக்கையை இந்த இடத்தில் மறக்கக் கூடாது. ஊர் என்ற அமைப்புக்கு அதிகாரம் கொடுப்பது ஊரில் வலுத்தவனுக்கு அதிகாரம் கொடுப்பதாக முடியும் என்ற அச்சத்துக்கு வரலாற்றில் ஆதாரம் இருக்கிறது. கூட்டுறவைப் போற்றும் எந்தக் கொள்கையும் இந்த அச்சத்துக்குப் பதில் வைத்திருக்க வேண்டும்.

அரசு எடுத்துக்கொண்டதும் விட்டுவிட்டதும்

பிரிட்டிஷ் ஆட்சி ஏரிகளை வருவாயின் கண்கொண்டு பார்த்தது. பாசன நிலத்துக்கு நஞ்சை வரி. ஆகவே ஏரி அரசின் சொத்து. ஆனால் அதைப் பராமரிக்கும் சிறு வேலைகளைக் குடிகளே செய்ய வேண்டும் என்றும் அந்த அரசு எதிர்பார்த்தது. குடிகள் பின்வாங்கியபோது 1858இல் சென்னை மாகாணத்துக்குக் கட்டாய உழைப்புச் சட்டம் வந்தது. கரை உடையும் ஆபத்தில் ஊராரை வேலைக்கு இழுக்க அது அதிகாரம் தந்தது. வழக்கப்படி செய்ய வேண்டிய குடிமராமத்து வேலைக்கு வராதவரிடம், அந்த உழைப்பின் மதிப்பைப் போல இரண்டு மடங்கு வசூலிக்கவும் வழி செய்தது.

ஊரின் வழக்கம் சட்டமாக எழுதப்பட்டதே, இது வலுப்படுத்துவதுதானே என்று கேட்கலாம். நடந்தது வேறு. பழைய வழக்கத்தில் கடமையும் உரிமையும் ஒன்றாகக் கட்டப்பட்டிருந்தன. ஏரிப்பட்டி நிலமும் மானியமும் தண்ணீர்ப் பங்கீடும் ஊரின் கையில் இருந்ததால்தான் மண் சுமக்கவும் ஊர் வந்தது. புதிய ஏற்பாட்டில் வருமானமும் முடிவும் அரசுக்குப் போயின. மண் சுமக்கும் கடமை மட்டும் குடிகளிடம் நின்றது. பயன் பறிபோன இடத்தில் தண்டனைக்குப் பயந்து எத்தனை நாள் வருவார்கள்? சட்டம் வந்த பிறகும் குடிமராமத்து தேய்ந்துகொண்டே போனது. கூட்டுறவைச் சட்டத்தால் கட்டாயப்படுத்தும் எந்த முயற்சிக்கும் இதில் பாடம் இருக்கிறது.

விடுதலைக்குப் பிறகு 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஜமீன்கள் ஒழிந்தன. அது தேவையான சீர்திருத்தம். ஆனால் ஜமீன் ஏரிகளும் அரசுக்கு வந்தபோது, அவற்றைச் சுற்றியிருந்த ஏற்பாடுகளுக்குப் பதிலாக எதுவும் கட்டப்படவில்லை. 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரிகள் பொதுப்பணித் துறைக்கு, அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்துக்கு என்று பிரிக்கப்பட்டன. மீன் ஒரு துறைக்கு, மரம் இன்னொரு துறைக்கு, நிலப் பதிவு வருவாய்த் துறைக்கு. ஒரே ஏரியில் இத்தனை அலுவலகங்கள் கைவைத்தன. ஏரி உடைந்தால் யாரிடம் போவது என்று ஊராருக்குத் தெரியவில்லை.

இதோடு சேர்ந்து வந்தது மின் மோட்டார். சொந்தக் கிணற்றில் தண்ணீர் எடுக்கும் விவசாயி, மடைத் தண்ணீரின் முறைக்குக் காத்திருக்க வேண்டாம். ஊர்க்கூட்டத்துக்குப் போக வேண்டாம். அண்டை வயல்காரரோடு ஒத்துப்போக வேண்டிய அவசியமும் குறைந்தது. 1990 முதல் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் வந்தபோது அந்த விலகல் இன்னும் எளிதாயிற்று. சிறு விவசாயிகளுக்கு அந்தச் சலுகை தந்த ஆறுதலை நான் மறுக்கவில்லை. ஆனால் அதன் மறைமுக விளைவையும் சொல்ல வேண்டும். வசதி உள்ளவர் ஏரியின் பொறுப்பிலிருந்து வெளியேற அது வழி திறந்தது. கிணறு வெட்ட முடியாதவரே ஏரியை நம்பி எஞ்சினார். ஏரிக்காகக் குரல் கொடுக்கும் வலு உள்ளவர்களின் அக்கறையே விலகிவிட்டது. 1960களில் ஏறத்தாழ 9 லட்சம் ஹெக்டேர் நிலத்துக்கு ஏரிப் பாசனம் இருந்தது. பிந்தைய பத்தாண்டுகளில் அது பெரிதும் சுருங்கியது. அந்தக் கிணறுகளுக்கு ஊற்று தருவதும் ஏரியே என்பது, ஏரி வறண்டு கிணறும் வறண்ட பிறகே பலருக்கும் உறைத்தது.

எந்த அரசும் கூட்டுறவை ஒழிப்போம் என்று திட்டமிடவில்லை. வருவாய், நிர்வாக வசதி, வேளாண் சலுகை என்று ஒவ்வொன்றும் தனித்தனியே நியாயமாகத் தோன்றிய முடிவுகள். அண்டை வயல்காரர் இல்லாமலும் வாழலாம் என்ற நிலையை அவை சேர்ந்து உருவாக்கின. அந்த நிலையில் ஒற்றுமையைப் பற்றி எத்தனை பிரசாரம் செய்தாலும் பயன் இல்லை.

2017: பெயர் திரும்பியது, எது திரும்பவில்லை?

இந்தப் பின்னணியில் பார்த்தால் 2017இன் திட்டத்துக்கு உரிய மதிப்பைக் கொடுக்க முடியும். அதன் நிறைகளை முதலில் சொல்கிறேன்.

ஏரிப் பணியை ஒப்பந்தப்புள்ளி கோரி வெளியூர் ஒப்பந்ததாரரிடம் கொடுப்பதற்குப் பதிலாக, ஆயக்கட்டுதாரர் சங்கத்திடமே கொடுப்பது என்று அரசு முடிவு செய்தது. மதிப்பீட்டில் பத்தில் ஒரு பங்கை விவசாயிகள் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ தர வேண்டும். ஊராரை வெறும் பயனாளியாகப் பார்த்துப் பழகிய நிர்வாகத்துக்கு இது முக்கியமான திருப்பம். அதே ஆண்டில் ஏரிகளின் வண்டல் மண்ணை விவசாயிகள் கட்டணமின்றி எடுத்துச் செல்ல விதிகள் தளர்த்தப்பட்டன. ஏரிக்குச் சுமையாக இருந்த வண்டல் வயலுக்கு உரமானது. தூர்வாரும் வேலையில் விவசாயிக்கு உடனடிப் பயன் ஒன்று கிடைத்தது. பழைய குடிமராமத்தின் தர்க்கத்தை மிகச் சரியாகப் பிடித்த அம்சம் என்று இதைச் சொல்வேன். திட்டம் ஓர் ஆண்டோடு நிற்கவும் இல்லை. 2019-20இல் ஏறத்தாழ 500 கோடி ரூபாயில் 1829 பணிகள் எடுக்கப்பட்டன. ஏரிக்கு என்று தனியாக நிதி ஒதுக்குவது அரசியலில் மதிப்புள்ள செயலாக மாறியதற்கு இந்தத் திட்டத்துக்கும் பங்கு உண்டு.

குறைகளுக்கு வருவோம். முதல் குறை வரிசையில் இருக்கிறது. சங்கம் இருந்து, அது பேசி முடிவெடுத்து, பிறகு பணி வந்திருக்க வேண்டும். பல இடங்களில் பணி வந்த பிறகு, அதைப் பெறுவதற்காகவே சங்கம் உருவாயிற்று. இப்படி உருவாகும் சங்கத்துக்கு வேலை முடிந்ததும் ஆயுளும் முடிந்துவிடும். சங்கத்தின் பெயரில் வேறு யாரோ வேலையைச் செய்து பணம் பெற்றார்கள் என்ற புகார்கள் பல மாவட்டங்களில் எழுந்ததற்கும் இதுவே வழிவிட்டது. ஊராரே ஊராரைக் கண்காணிக்கும் பழக்கம் இல்லாத இடத்தில், ஒப்பந்தப்புள்ளியின் கண்காணிப்பையும் எடுத்துவிட்டால், இரண்டுக்கும் நடுவே பணம் கசியும்.

இரண்டாவது குறை, உழைப்பின் இடத்துக்கு ஜேசிபி வந்தது. இயந்திரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பல தலைமுறை வண்டலை மண்வெட்டியால் அள்ள முடியாது. ஆனால் இயந்திரம் வந்தால் கூட்டுறவில் என்ன மாறும் என்பதை எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். நேபாளத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட பாசன அமைப்புகளை ஒப்பிட்ட ஆஸ்ட்ரமின் குழுவினர் வியப்பான ஒன்றைக் கண்டார்கள். விவசாயிகளே கட்டிய எளிய மண் அணைகள் உள்ள இடங்களில் கடைமடைக்குத் தண்ணீர் ஓரளவு நியாயமாகப் போனது. அரசு கட்டிக்கொடுத்த சிமென்ட் தலைவாய்கள் உள்ள பல இடங்களில் போகவில்லை. காரணம் தெளிவானது. மண் அணை ஆண்டுதோறும் உடையும். அதைக் கட்ட எல்லோரின் உழைப்பும் வேண்டும். அதனால் தலைமடைக்காரர் கடைமடைக்காரரின் பேச்சைக் கேட்டாக வேண்டும். சிமென்ட் அணை உடையாது; ஆகவே கடைமடைக்காரரின் தயவு தலைமடைக்காரருக்குத் தேவையில்லை. கட்டுமானம் மேம்பட்டது, பேரம் பேசும் வலு போயிற்று.

நம் ஏரியில் இயந்திரம் செய்வதும் இதுதான். கடைமடை விவசாயியிடம் இருந்த ஒரே பலம் அவருடைய உழைப்பு. அதை இயந்திரம் ஈடு செய்துவிட்டால், தண்ணீர்ப் பங்கீட்டில் அவருக்கு இடம் தர வேறொரு விதி வேண்டும். 2017இன் திட்டம் ஏரியின் கொள்ளளவைப் பேசியது. கூடுதலாகத் தேங்கும் தண்ணீர் யாருக்கு எந்த முறையில் போக வேண்டும் என்பதைப் பேசவில்லை.

மூன்றாவது குறை எனக்கு மிகவும் வலிக்கும் குறை. ஆயக்கட்டுதாரர் சங்கம் நிலம் உள்ளவர்களை வைத்து அமைவது. பாசன மேலாண்மையில் விவசாயிகளின் பங்கேற்புக்கென 2000ஆம் ஆண்டு வந்த தமிழ்நாட்டுச் சட்டமும் அந்த அடிப்படையில்தான் நிற்கிறது. ஆனால் ஏரி, பட்டாதாரருக்கு மட்டும் சொந்தமானதா? ஆடு மாடு மேய்ப்பவர், மீன் பிடிப்பவர், மண் எடுத்துப் பானை செய்பவர், கோரை அறுப்பவர், துணி வெளுப்பவர், குத்தகைக்குப் பயிர் செய்பவர் எல்லோரும் அந்த ஏரியை நம்பி வாழ்கிறார்கள். பெண்களின் நிலை இன்னும் கொடியது. 2006 முதல் நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டின் ஏரிகளிலும் வாய்க்கால்களிலும் இறங்கி மண் சுமந்தவர்களில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் பெண்கள். நிலப் பட்டா பெரும்பாலும் ஆண்களின் பெயரில். ஆகவே ஏரியைத் தன் கையால் அறிந்த பெண்ணுக்கு ஏரிச் சங்கத்தில் பேச்சில்லை. உத்திரமேரூரின் குடத்தில் விழாத ஓலை இன்றும் விழவில்லை என்பதே இதன் பொருள்.

நான்காவது குறை, பராமரிப்புக்கு நிரந்தர வருமானம் இல்லை. தூர்வாரிய ஏரியில் அடுத்த மழையிலேயே மண் சேரத் தொடங்கும். சீமைக் கருவேலம் ஓரிரு ஆண்டுகளில் தலை தூக்கும். ஆண்டுதோறும் செய்ய வேண்டிய வேலை குடிமராமத்து. அதைப் பல ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் திட்டமாக மாற்றியதில் அதன் உயிர்நாடியே விட்டுப்போயிற்று. மீன்பாசிக் குத்தகையும் கருவேல மர ஏலமும் தரும் பணம் அந்த ஏரிக்கே திரும்பாதவரை, சங்கத்தின் கையில் உண்டியல்கூட இருக்காது.

என்ன செய்ய வேண்டும்

குறைகளைச் சொன்னவனுக்கு வழி சொல்லும் பொறுப்பும் உண்டு.

ஏரியின் வருமானத்தை ஏரிக்குத் திருப்ப வேண்டும். மீன், மரம், வண்டல் ஆகியவற்றால் வரும் பணத்தில் பெரும்பங்கு, அந்த ஏரிக்கென்று தனியாக வைக்கப்படும் கணக்குக்கு வர வேண்டும். வரவும் செலவும் கிராம சபையில் வாசிக்கப்பட வேண்டும். மதுரையை மையமாகக் கொண்ட தானம் அறக்கட்டளை 1990களிலிருந்து வயலகங்கள் என்ற பெயரில் ஏரி விவசாயிகளின் சங்கங்களைக் கட்டி, பராமரிப்புக்கெனப் பொது நிதியைச் சேர்க்க முயன்று வந்திருக்கிறது. சங்கத்தின் கையில் சிறு தொகையாவது இருந்தால்தான் அது அரசின் கையை எதிர்பாராமல் ஒரு மடையைச் சரிசெய்ய முடியும். ஒரு முறை செய்து காட்டிய சங்கத்தை நம்பித்தான் அடுத்த முறை ஊர் கூடும்.

உறுப்பினர் தகுதியை நிலத்திலிருந்து பிரித்து, ஏரியைப் பயன்படுத்தும் எல்லோருக்கும் திறக்க வேண்டும். நிர்வாகக் குழுவில் பெண்களுக்குப் பாதி இடமும், பட்டியல் சாதியினருக்கு மக்கள்தொகைக்கு ஏற்ற இடமும் சட்டத்தால் உறுதியாக வேண்டும். இது நடக்காது என்பவர்களுக்குத் தமிழ்நாட்டிலேயே பதில் இருக்கிறது. உள்ளாட்சிகளில் பெண்களுக்கு 50 சதவீத இடஒதுக்கீடு 2016இல் சட்டமானது. கணவரின் பின்னால் நிற்பவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களில் பலர் ஊராட்சியைத் திறமையாக நடத்திக் காட்டினார்கள். அம்பேத்கரின் அச்சத்துக்கு இதுதான் பதில்: ஊருக்கு அதிகாரம் கொடுக்கலாம், ஊர் என்றால் யார் என்பதை அரசியல் சட்டத்தின் அறத்தால் வரையறுத்த பிறகு.

நீர்க்கட்டியைத் திரும்பக் கொண்டுவர வேண்டும்; பரம்பரைக் கடமையாக இல்லாமல், மாதச் சம்பளமுள்ள ஊர்ப் பதவியாக. எந்தச் சாதியினரும் விண்ணப்பிக்கலாம், ஆணோ பெண்ணோ. சங்கம் அவரை நியமிக்கும். அவர் ஆயக்கட்டு முழுவதற்கும் பதில் சொல்வார். மடையில் கைவைக்கும் அதிகாரம் அவருக்கு மட்டுமே இருந்தால், தலைமடை-கடைமடைச் சண்டையில் பாதி தீரும்.

அரசுக்கு என்று மாற்ற முடியாத வேலை ஒன்று உண்டு. ஏரிச் சங்கிலியில் மேல் ஊருக்கும் கீழ் ஊருக்கும் நடுவே நிற்பது அது. ஒரு சங்கம் தன் ஏரியைக் காக்கலாம். அடுத்த ஊரின் ஆக்கிரமிப்பை அதனால் அகற்ற முடியாது. ஏரிகளின் பாதுகாப்புக்கும் ஆக்கிரமிப்பு அகற்றத்துக்கும் 2007இல் சட்டம் வந்தது. அதை வலுத்தவருக்கும் எளியவருக்கும் ஒன்றுபோல் நடைமுறைப்படுத்துவதும், ஒரே ஓடையில் உள்ள ஏரிச் சங்கங்களை ஒரு கூட்டமைப்பில் உட்காரவைத்துக் கலுங்கு மட்டங்களை முடிவு செய்வதும் அரசின் கடமை. தன் ஊரில் விதியை மதிக்கும் விவசாயி, மேல் ஊரில் அதே விதியை மீறுபவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்று கண்டால் அவரும் மதிப்பதை நிறுத்துவார்.

இவற்றுக்கெல்லாம் செலவு உண்டு. அதைவிடத் தடையாக இருப்பது அதிகாரத்தை விட்டுக்கொடுக்க வேண்டிய தேவை. ஏரியின் மீன் ஏலம் யாருக்கு, மண் யாருக்கு என்ற முடிவு கையைவிட்டுப் போவதை அலுவலகங்களோ உள்ளூர் அரசியலோ எளிதில் ஏற்காது. 1858இன் சட்டமும் 2017இன் திட்டமும் ஆட்சியிலும் நோக்கத்திலும் ஒன்றுக்கொன்று நெடுந்தொலைவு. முதலாவது தண்டித்தது; இரண்டாவது பணம் கொடுத்தது. ஆனால் ஏரி யாருடையது என்ற கேள்விக்கு இரண்டும் ஒரே பதிலையே வைத்திருந்தன. அந்தப் பதில் மாறாமல் எந்தப் பெயரைத் திரும்பக் கொண்டுவந்தாலும், வேலை நடக்கும் வாரங்களில் கூட்டம் கூடும், பணம் தீர்ந்ததும் கலையும்.

மக்கள் சேர்ந்து செயல்பட மறுப்பவர்கள் என்ற எண்ணம் நம் நிர்வாகத்தில் ஊறிப்போயிருக்கிறது. வெள்ளம் வரும் இரவில் கரையில் மண் மூட்டை அடுக்கும் ஊர்களைப் பார்த்தவர் அதை நம்பமாட்டார். சேரும் மனம் அவர்களிடம் இருக்கிறது. சேர்ந்தால் தங்கள் சொல் நடக்கும், தங்கள் வயலுக்குத் தண்ணீர் வரும், தங்கள் பங்கை யாரும் தின்னமாட்டார்கள் என்ற உறுதிதான் இல்லை. அந்த உறுதியைச் சட்டத்தாலும் நிதியாலும் நேர்மையான கண்காணிப்பாலும் கட்டிக்கொடுப்பது அரசின் வேலை. அடுத்த முறை குடிமராமத்து என்ற பெயரில் ஒரு திட்டம் அறிவிக்கப்படும்போது, எத்தனை கோடி என்று கேட்பதற்கு முன்னால், ஏரியின் சாவி யார் கையில் என்று கேட்போம்.